யோகா மேட் வாங்கப் போகிறீர்களா? தடிமனுக்கு முன் பிடிமானத்தைப் பாருங்கள்

கடையில் போய் யோகா மேட் வேண்டும் என்றால் "எத்தனை எம்.எம்.?" என்றுதான் கேட்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களும் தடியாக இருந்தால் சொகுசாக இருக்குமே என்று 10 மி.மீ., 12 மி.மீ. மேட்டை எடுத்துவந்துவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே சிக்கல் தெரியும். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றால் கணுக்கால் ஆடும். கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடிப்பாகம் ஃபோமுக்குள் புதையும், மணிக்கட்டு அளவுக்கு மீறிப் பின்னால் மடங்கும், சில நாளில் வலி வரும். தனக்கு யோகா ஒத்துவரவில்லை என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மேட்டை மாற்றியிருந்தாலே சரியாகியிருக்கும்.

மேட்டுக்கு இரண்டு வேலைகள். கையும் காலும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டி, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு போன்ற இடங்களில் தரை உறுத்தாமல் தாங்க வேண்டும். உறுத்தலுக்கு நான்காக மடித்த ஒரு துண்டு போதும். வழுக்கலுக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. அதனால் கையில் இருக்கும் பணத்தைப் பிடிமானத்துக்குக் கொடுங்கள்.

வாங்கும் முன் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியவை

என்ன பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பிராணாயாமம், தியானம், உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற எளிய ஆசனங்கள் மட்டும் என்றால் மேட்டே வாங்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். இல்லையென்றால் கோரைப் பாயின் மேல் ஒரு போர்வையை விரியுங்கள். வெயில் காலத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க பிளாஸ்டிக் மேட்டைவிட இவை இதமானவை, தோலோடு ஒட்டாது. ஆனால் ஜமுக்காளத்தின் மேல் கால்களை அகட்டி வைத்து வீரபத்ராசனம் செய்யக் கூடாது. டைல்ஸ் தரையில் அது காலோடு சேர்ந்து நகரும். உள்தொடைத் தசை சட்டென்று இழுபட்டால் குணமாக வாரக்கணக்கில் ஆகும்.

சூரிய நமஸ்காரமும் நின்று செய்யும் ஆசனங்களும் உண்டு என்றால் மேட் கட்டாயம். ஒவ்வோர் ஆசனத்திலும் நிதானமாக நின்று செய்கிற வகுப்பு என்றால் நடுத்தரமான பிடிமானம் போதும். வின்யாசா, அஷ்டாங்கம் போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓயாமல் போகிற வகுப்பு என்றால், அதுவும் ஏ.சி. இல்லாத அறையில் என்றால், பத்து நிமிடத்தில் உள்ளங்கை நனைந்துவிடும். காய்ந்த கைக்கு நன்றாகப் பிடிக்கும் மேட் ஈரக் கைக்கு வழுக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மேட் தேடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும் என்றால் மேட்டின் அடிப்பக்கம்தான் முக்கியம். எடை குறைந்த மேட் உதைத்த பக்கம் ஓடும். மொட்டை மாடியில் சிமெண்ட் தளத்தின் மேலோ தட்டோட்டின் மேலோ செய்பவர்களுக்கு வேறு கவலை: சொரசொரப்பான தளம் மெல்லிய ஃபோமைச் சில மாதங்களில் அரித்துவிடும், வெயில் மீதியை முடித்துவிடும். மாடிக்கென்றால் விலை குறைந்த பி.வி.சி. மேட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மேட்டை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

பிறகு அளவு. சந்தையில் பொதுவாகக் கிடைப்பது 173 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம், அதாவது 68 அங்குலத்துக்கு 24 அங்குலம். 5 அடி 4 அங்குலம் உயரம் வரை இது தாராளம். 5 அடி 6 அங்குலத்துக்கு மேல் என்றால் 183 செ.மீ. மேட் கேளுங்கள், ஆறடிக்காரர்கள் 200 செ.மீ.க்குக் குறையாமல் பார்க்கலாம். வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு உச்சந்தலையும் குதிகாலும் படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அந்த நீளத்தோடு 10 செ.மீ. சேர்த்தால் உங்கள் அளவு. பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால் நீளத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் குதிகால் தரையில் பட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. தோள் அகன்றவர்களுக்கு மட்டும் 66 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அகலம் உண்மையிலேயே வசதி.

தடிமன் எவ்வளவு?

தொடங்குகிறவர்களுக்கு 5 அல்லது 6 மி.மீ. நின்று சமநிலை பார்க்கும் ஆசனங்கள் அதிகம் செய்பவர்களுக்கு 4 மி.மீ. நன்றாக அமையும். 1.5, 2 மி.மீ. மேட்டுகள் மடித்துப் பையில் வைத்துப் பயணத்தில் கொண்டுபோக; வீட்டுத் தரையில் தினமும் அதில் முட்டி ஊன்றினால் வலிக்கும். 8 மி.மீ.க்கு மேற்பட்டவை படுத்துச் செய்யும் உடற்பயிற்சிக்கும் பிசியோதெரபிக்கும் உதவும், யோகாவுக்கு வேண்டாம்.

தடிமனைவிட முக்கியமானது அடர்த்தி. அடர்த்தியான 4 மி.மீ. ரப்பர் மேட் முட்டியைத் தாங்குவது போல, காற்று நிறைந்த 8 மி.மீ. ஃபோம் தாங்காது. உடல் எடை அழுத்தியதும் ஃபோம் தட்டையாகிவிடும், எலும்பு நேரே தரையில் முட்டும். மேட்டை விரலுக்கும் கட்டை விரலுக்கும் இடையில் வைத்து நன்றாக அழுத்துங்கள். இரண்டு விரலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டால் உங்கள் முட்டிக்கும் அதே கதிதான்.

முட்டி வலி உள்ளவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள் தடியான மேட்தான் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அவர்களுக்கும் 6 மி.மீ. மேட்டே பாதுகாப்பானது. மெத்தென்ற மேட்டில் தடுமாறி விழும் ஆபத்து வயதானவர்களுக்குத்தான் அதிகம். உஷ்ட்ராசனம் போல முட்டிபோட்டுச் செய்யும் ஆசனங்களுக்கு மட்டும் துண்டை மடித்து முட்டிக்கடியில் வையுங்கள். எழுந்து நிற்கும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பொருளில் செய்தது?

ஈ.வி.ஏ. மேட்தான் சந்தையில் மிகவும் மலிவு, 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கும். லேசான செருப்புகளின் அடிப்பாகத்தில் இருப்பதும் இந்த ஃபோம்தான். 6 மி.மீ. மேட்டே சுமார் 600 கிராம்தான் இருக்கும், தூக்கிப்போக எளிது. ஆனால் வியர்வை பட்டால் வழுக்கும், நகம் பட்டால் பள்ளம் விழும், வீட்டில் பூனை இருந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும், தொடர்ந்து செய்வோமா என்று தெரியாத முதல் இரண்டு மூன்று மாதத்துக்கும் இது சரி.

10 முதல் 15 மி.மீ. வரை தடியாக, தோளில் மாட்டும் பட்டையோடு சேர்த்து விற்பது பெரும்பாலும் என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் ஃபோம். 'ரப்பர் மேட்' என்றே இதை விற்பார்கள். இயற்கை ரப்பருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இரு முனையையும் பிடித்து இழுத்தால் நீளும். கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் கையும் காலும் எதிரெதிராகத் தள்ளும்போது மேட்டும் கூடவே நீண்டு, உள்ளங்கை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். யோகாவுக்கு இதைத் தவிர்த்துவிடுங்கள்.

பி.வி.சி. மேட் பல யோகா நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் உழைப்பது. 4, 5 மி.மீ. தடிமனில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடையில் வரும். உள்ளே நீர் புகாது, துடைத்தால் சுத்தமாகிவிடும், எளிதில் கிழியாது. குறைகளும் உண்டு. புதிதில் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகை வேதிப்பொருள்கள் வேண்டாம் என்றால் 'தாலேட் இல்லாதது' என்று அச்சிட்டதை வாங்க வேண்டும். தூக்கி எறிந்தால் மக்காது. விலை 500 முதல் 1,200 ரூபாய்.

டி.பி.இ. என்பது ரப்பர்போல வளையும் ஒருவகை பிளாஸ்டிக், நடுத்தர பட்ஜெட்டுக்கு ஏற்றது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று இரண்டு அடுக்காக இருப்பதை வைத்தே பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். 6 மி.மீ. மேட் ஒரு கிலோவுக்குள் இருக்கும். நாற்றம் குறைவு, காய்ந்த கைக்குப் பிடிமானம் நன்று, கொஞ்சம் வியர்வையையும் சமாளிக்கும். வெயிலில் கிடந்தால் சுருங்கி ஓரம் மேலெழும். 900 முதல் 1,800 ரூபாய் வரை ஆகும். வாரம் மூன்று நாலு நாள் வகுப்புக்குப் போகிற புதியவருக்கு எங்கள் முதல் பரிந்துரை 6 மி.மீ. டி.பி.இ. மேட்டும் ஒரு பருத்தித் துண்டும்தான்.

இயற்கை ரப்பர் மேட்டின் பிடிமானமே தனி. கன்னியாகுமரி, கேரளத் தோட்டங்களில் மரத்தைச் சீவிப் பால் வடிக்கிறார்களே, அந்த ரப்பர்தான். 4, 5 மி.மீ. மேட் 2 முதல் 2.5 கிலோ கனக்கும். அந்தக் கனமே அதை டைல்ஸ் தரையில் அசையாமல் நிறுத்துகிறது. பஸ்ஸில் ஏறி இறங்கி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அதுவே சுமை. ரப்பர் வாடை சில வாரம் இருக்கும். வெயிலும் சூடும் இதற்கு எதிரி: மேற்பரப்பு வெடித்து மாவுபோல உதிரத் தொடங்கிவிடும். பலூன் ஊதினால் உதடு தடிக்கிறது, ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறது என்பவர்களுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கலாம். அவர்கள் இதைத் தொட வேண்டாம். விலை 2,000 ரூபாயில் தொடங்கும்.

ரப்பருக்கு மேலே பி.யு., அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு போட்ட மேட்டுகள் 3,000 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. உள்ளங்கை வியர்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பிடிமானம் அரிது. மேற்பரப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரத்தை இழுக்கிற அதே பரப்பு எண்ணெயையும் இழுக்கும் என்பதுதான் தொல்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு சவாசனத்தில் படுத்தால் தலை பட்ட இடத்தில் வட்டமாகக் கறை விழும், அந்த இடம் வழுக்கவும் தொடங்கும், பிறகு என்ன கழுவினாலும் முழுதாகப் போகாது. இதை வாங்கினால் தலைக்கடியில் ஒரு கைத்துண்டு போடும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

பாட்டில் அடைப்பானுக்குப் பயன்படும் மரப்பட்டைதான் கார்க். கார்க் மேட்டுக்கு ஒரு தனிக் குணம்: லேசான ஈரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த கை வழுக்குகிறது என்றால் உள்ளங்கை படும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்கலாம். மேலே கார்க் மெல்லிய ஏடாகத்தான் இருக்கும், அடியில் ரப்பரோ டி.பி.இ.யோ ஒட்டியிருப்பார்கள். மலிவானதில் அந்த ஒட்டு ஓரத்தில் பிரிந்து வரும். வாங்கும்போது நான்கு மூலையையும் மடக்கிப் பாருங்கள்.

பருத்தியில் நெய்த யோகா விரிப்பைத் தனியாகப் பயன்படுத்தாமல் பி.வி.சி. மேட்டின் மேல் விரிப்பது நல்லது. வியர்வையைக் குடிக்கும், வாஷிங் மெஷினில் போடலாம். இருக்கிற மேட் ஈரத்தில் வழுக்குகிறது என்றால் புது மேட் வாங்கும் முன் இதை முயன்று பாருங்கள். சணல் மேட் பார்க்க அழகு. மென்மையான தோல் உள்ளவர்களுக்கு முழங்கையில் உராயும்.

கடையில் சோதிப்பது எப்படி?

சுருட்டி வைத்ததைப் பார்த்து வாங்காதீர்கள், விரித்துக் காட்டச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் மேல் ஒற்றைக் காலில் பத்து வரை எண்ணி நில்லுங்கள். கணுக்கால் நிற்காமல் ஆடினால் அந்த மேட் உங்களுக்கு மெத்தையாகிவிட்டது. பிறகு முட்டிபோட்டு இரு உள்ளங்கையையும் ஊன்றி, விரல்களை விரித்து, கையை முன்னால் தள்ளுங்கள். கை நகர்ந்தால் வேண்டாம். கை நகராமல் மேட் மொத்தமும் தரையில் நகர்ந்தால், கடைத் தரையில் தூசி இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். அப்போதும் நகர்ந்தால் அடிப்பக்கம் சரியில்லை. ஈரச் சோதனைக்கு உள்ளங்கையில் நாலு சொட்டுத் தண்ணீர் தடவிக்கொண்டு இதையே திரும்பச் செய்ய வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இதைத் தவறவிடாதீர்கள்.

தடிமன் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மூலையை நான்கு மடிப்பாக மடித்து, அழுத்தாமல் ஸ்கேல் வைத்து அளந்து நான்கால் வகுக்கலாம். '6 மி.மீ.' என்று எழுதியது 24 மி.மீ. வர வேண்டும், 20 வந்தால் அது 5 மி.மீ. மேட். ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். துகள் உதிர்ந்தால் மூன்று மாதத்தில் உங்கள் அறை முழுக்க அந்தத் துகள்தான். விரித்த பிறகும் முனைகள் சுருண்டு நிமிராமல் இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல.

ஆன்லைனில் வாங்கும்போது தொட்டுப் பார்க்க முடியாது. அங்கே உங்களுக்குத் துணை எடைதான். விவரப் பட்டியலில் எடையைத் தேடுங்கள். 173க்கு 61 செ.மீ., 5 மி.மீ. 'இயற்கை ரப்பர்' என்று போட்டுவிட்டு எடை 900 கிராம் என்றிருந்தால் அது இயற்கை ரப்பர் அல்ல. 10 மி.மீ. மேட்டின் எடை 6 மி.மீ. மேட்டைவிடக் குறைவாக இருந்தால் உள்ளே இருப்பது காற்று. எடையே போடாதவரிடம் வாங்க வேண்டாம். கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, சில மாதம் பயன்படுத்தியவர்கள் படத்தோடு எழுதிய இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். பிய்வது, நாறுவது, வழுக்குவது எல்லாம் அங்கேதான் இருக்கும். பிரித்துப் பார்த்தபின் திருப்பி எடுப்பார்களா என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விலையை மட்டும் வைத்து ஒரு கணக்கு. தினமும் செய்யும் ஒருவருக்கு 400 ரூபாய் ஈ.வி.ஏ. மேட் 8 மாதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600 ரூபாய். 2,500 ரூபாய் ரப்பர் மேட் 5 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 500. ஆனால் பயிற்சி நிலைக்குமா என்று தெரிவதற்கு முன்பே விலை உயர்ந்ததை வாங்கிப் பரணில் போடுவது வீண். மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு அடுத்த நிலைக்குப் போங்கள். அதற்குள் உங்கள் கை வியர்க்குமா, முட்டி வலிக்குமா என்பதும் தெரிந்திருக்கும்.

புது மேட் வழுக்கினால்

பதற வேண்டாம். தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் பல மேட்டுகளில் இருக்கும். அரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து இரு பக்கமும் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே வழுக்கும். நிழலில் ஒரு நாள் விரித்துப் போட்டால் நாற்றமும் குறையும். அடர்த்தியான பி.வி.சி. மேட் மட்டும் இதற்கும் மசியவில்லை என்றால், கல் உப்பைத் தூவி ஈரமான பிரஷால் வட்ட வட்டமாகத் தேய்த்து, ஒரு நாள் விட்டுக் கழுவலாம். ரப்பரிலும் பி.யு.விலும் உப்பு போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வழுக்கினால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். கை மட்டும் வழுக்குகிறதா? கையில் பூசிய கிரீமோ எண்ணெயோ இருக்கும். எண்ணெய்க் குளியல் நாளில் எந்த மேட்டும் பிடிக்காது. மேட்டே நகர்கிறதா? தரையைத் துடைக்காமல் விரித்திருப்பீர்கள். கால் மட்டும் அகன்றுகொண்டே போகிறதா? இரண்டு பாதத்தையும் ஒன்றையொன்று நோக்கி லேசாக இழுத்துப் பிடித்து நிற்கப் பழகுங்கள். இது மேட்டின் குறை அல்ல.

பராமரிப்பு

பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் காற்றாட விட்டுச் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துப் புளித்த வாடை வரும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறிக்கடியில் உலர்த்தியே ஆக வேண்டும். சுருட்டும்போது மேல்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டினால் அடுத்த முறை விரிக்கும்போது முனைகள் தரையோடு படியும். வாரம் ஒருமுறை முன்பு சொன்ன சோப்புத் தண்ணீர்த் துடைப்பு. வாஷிங் மெஷின், பினாயில், டெட்டால் எதுவும் வேண்டாம். காரின் பின்சீட்டிலும் ஜன்னலோர வெயிலிலும் வைக்காதீர்கள்.

உள்ளங்கையும் பாதமும் படும் இடங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, கழுவியும் வழுக்கினாலோ, துகள் உதிர்ந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. பி.வி.சி. மேட்டைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். தேயாமல் நடுவில் இருக்கும் பகுதியை 30 செ.மீ. சதுரமாக வெட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் புது மேட்டில் முட்டிக்கு அடியில் போட உதவும். மீதியை வாட்டர் கேனுக்கடியிலும் சிலிண்டருக்கடியிலும் போடலாம்.